மாற்றி அனுப்பிய அளவு ஜாக்கெட்

உறையூர்,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய அளவு ஜாக்கெட் உன்னுடையது இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்கப் போகிறேன், ஏனென்றால் நலத்தை முதலில் விசாரித்தால் நீ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவாய். இங்கே நான், உன் அப்பா, தையல் மெஷின் மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம், மூவரில் எண்ணெய் விட்டால் சத்தம் போடாமல் ஓடுவது மெஷின் மட்டும்தான். நீயும் ஜம்முவுக்கு மேலே அந்த ராணுவ ஆஸ்பத்திரிப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வெக்காளியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவளும் கூரை இல்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பவள், குளிரைப் பற்றி அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் முக்கியமானதை ஆரம்பித்தவுடன் “அம்மா சிக்னல் போகுது, அம்மா வார்டுல கூப்பிடறாங்க” என்று நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் சிக்னல் போகாது. இதை உன் ரூம்மேட் வள்ளிக்கண்ணு கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ கடைசி வரி வரைக்கும் படிக்கிறாயா என்று எதிரில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அந்தக் காவலுக்காக அவளுக்குத் தனியாக ஒரு டப்பா எள்ளுப்பொடி. உன் டப்பாவிலிருந்து அவள் எடுத்தால் நீ சண்டை போடலாம், அவள் டப்பாவிலிருந்து நீ எடுக்கக் கூடாது.

வள்ளிக்கண்ணு எப்படி என்னிடம் வந்தாள் என்று இப்போது நீ முழிப்பாய். முழி. தை பிறந்ததும் உனக்கும் சுரேஷ்குமாருக்கும் நிச்சயதார்த்தம் என்று உன் அப்பா பேசி முடித்ததிலிருந்து நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு அளவு ஜாக்கெட். உறையூரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள், பெற்ற பெண்ணுக்கு வெளியே கொடுத்துத் தைத்தால் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ மழுப்பினாய், மறந்துபோச்சு என்றாய், போஸ்ட் ஆபீஸ் தூரம் என்றாய். கடைசியில் ஒரு பார்சல் வந்தது, பிரித்தால் பச்சை ஜாக்கெட். உன்னிடம் பச்சை கிடையாது, சரி, அங்கே வாங்கியிருப்பாய். தையல் என் தையல் இல்லை, சரி, அங்கே யாரிடமாவது தைத்திருப்பாய். டேப்பை வைத்துப் பார்த்தால் சுற்றளவு நன்றாகக் கூடியிருந்தது, எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே, பிள்ளைக்கு மெஸ் சாப்பாடு ஒட்டிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லி மாவிளக்கும் போட்டுவிட்டு வந்தேன். உன் இடது தோள் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் இறங்கியிருக்கும், ஸ்கூல் யூனிஃபார்மிலிருந்து நீ போட்ட அத்தனையிலும் இடது தோள் தையலை இறக்கியே தைத்தவள் நான். இந்தப் பச்சையில் இரண்டு தோளும் ஒரே மட்டம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை, பரேடு பரேடு என்று நிற்க வைத்து என் பெண்ணின் தோளையே நிமிர்த்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் அதைப் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே சொன்னார், கண்டக்டர் வாயில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் இந்திய ராணுவம் கோணல் தோளைச் சரிசெய்து கொடுக்கும் என்று ஒரு கூட்டமே நம்பிக்கொண்டிருக்கிறது. நானும் நம்பித்தான் அந்த அளவை வைத்து நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுத் துணியை வெட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையில் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு ஒரு பெண் கடைக்குள் வந்து “அம்மா, நான் வள்ளிக்கண்ணு, சுபாவோட ரூம்மேட், அதே ஆஸ்பத்திரியிலதான் நானும் நர்ஸ், தொட்டியம்தான் எங்க ஊரு, லீவுல வந்தேன்” என்றாள். எனக்கு நீயே வந்தது மாதிரி இருந்தது, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டே ஆணியில் தொங்கிய பச்சை ஜாக்கெட்டைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கடைசிக் கொக்கி வரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தாள், அங்கே கொக்கிக்குப் பதிலாகக் கறுப்பு நூலில் தைத்த பிரஸ் பட்டன் இருந்தது. “ஐயோ அம்மா, இது என் ஜாக்கெட்டு! கொடியில காயப்போட்டதைக் குரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சுபாதாம்மா சொன்னா, நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மரம் மரமா அண்ணாந்து பாத்துட்டுத் திரிஞ்சேன்” என்றாள். அந்தக் குரங்குக்குத் தோளில் மூன்று நட்சத்திரம் இருக்கிறது, அதை ராணுவத்தில் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள் என்பதை நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகட்டும் என்று வெட்டி வைத்திருந்த பட்டுத் துணியைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு அவளுக்கே மாட்டிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. என் வாழ்நாளில் நான் தைத்ததில் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்த ஜாக்கெட் அதுதான், அதுவும் உன் நிச்சயதார்த்த ஜாக்கெட். கண்ணாடியைப் பார்த்து அவளுக்கு வந்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கடையில் இருந்த பெண்களெல்லாம் என்ன என்ன என்று கேட்டார்கள், மானத்தை வாங்க வேண்டாமென்று சொல்லவில்லை.

சிரித்து முடித்தபிறகு நான் கேட்டேன், அவ எதுக்கு உன் ஜாக்கெட்டை அனுப்பினா என்று. உன் சிநேகிதியைக் குறை சொல்லாதே, அவள் முதலில் வாயைத் திறக்கவில்லை, நான் ரெண்டாவது டீ வாங்கிக் கொடுத்துத்தான் கறந்தேன். “அவ ரொம்ப இளைச்சிட்டாம்மா, சொந்த ஜாக்கெட்டை அனுப்பினா நீங்க அளவைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயம்” என்றாள். ஏன் இளைத்தாள் என்றேன். அப்போதுதான் மற்றதெல்லாம் வந்தது. தீவிர சிகிச்சை நர்சிங்கில் எம்.எஸ்சி. படிக்க ராணுவமே சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்புமாம், அதற்குப் பரீட்சை எழுதி நீ தேறிவிட்டாயாம், உங்கள் மேட்ரன் உன்னைக் கூப்பிட்டு “இந்த வருஷம் நம்ம ஆஸ்பத்திரியிலேருந்து நீதான் போற, கையெழுத்துப் போட்டுக் கொண்டா” என்று மனுவை உன் கையில் கொடுத்தாராம், படித்து முடித்தபின் இன்னும் சில வருஷம் பணியில் இருப்பேன் என்று அதில் எழுதித் தர வேண்டுமாம், நீ அதை வாங்கிக்கொண்டுபோய் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறதாம். ஜாக்கெட் பொருந்தாமல் போனால் திரும்பத் தைக்க நாளாகும், நிச்சயதார்த்தம் கொஞ்சம் தள்ளும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நீ அவளிடம் சொன்னாயாமே. அடியே, எதிரியைத் தடுத்து நிறுத்த ராணுவத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா? ஒரு கல்யாணத்தை ஜாக்கெட் வைத்து நிறுத்தப் பார்த்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். அதுவும் தையல்காரி மகள்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போடு என்று அவள் உன்னைப் பிடித்து உலுக்கியபோது நீ சொன்னாயாம், “எங்கப்பா வாக்குக் கொடுத்துட்டாரு வள்ளி, அந்த மனுஷன் தினம் எங்கப்பா பஸ்ஸிலதான் ஏறுறாரு, நான் மாட்டேன்னு சொன்னா எங்கப்பா அவரு முகத்தைப் பாத்து எப்படி டிக்கெட் கொடுப்பாரு” என்று. இதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ அங்கே இருக்கிறாய், இங்கே நடந்தது உனக்கு உன் அப்பா சொன்ன அளவுக்குத்தான் தெரியும், அதனால் நான் சொல்கிறேன். இது பஸ்ஸில் வந்த சம்பந்தம். சுரேஷ்குமாரின் அப்பா அழகிரிக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, திருவானைக்காவலில் மருந்துக்கடை, தினமும் காலையில் உன் அப்பா பஸ்ஸில் ஏறிக் கடைக்குப் போகிறவர். உன் அப்பா டிக்கெட் பையில் நீ யூனிஃபார்மோடு நிற்கிற போட்டோவை வைத்துக்கொண்டு, யாராவது மகள் என்ன பண்றா என்று கேட்டுவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பவர். அழகிரி கேட்டுவிட்டார். “மிலிட்டரியில மெடிக்கல் ஆபீசருங்க” என்று இவர் சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றால், மெடிக்கலும் உண்மை, ஆபீசரும் உண்மை, நடுவில் நான் என்ன பொய் சொன்னேன் என்கிறார். அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள், பெண் இல்லாமல், சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போக. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, அழகிரியின் சம்சாரம் உன் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு “எம்.பி.பி.எஸ். எங்கே முடிச்சா?” என்றாள். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், அவ ராணுவக் கல்லூரியில பி.எஸ்சி. நர்சிங் படிச்சா, லெப்டினன்டா சேர்ந்தா, இப்ப கேப்டன், அவ நர்ஸ் என்று. கடித்த பஜ்ஜி கடித்த இடத்திலேயே நின்றது. அதைத் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மாள் “அப்ப ஆம்பளைங்களையும் தொட்டுத்தான் பாக்கணுமோ?” என்று கேட்டாள். “இல்லைங்க, எட்ட நின்னு விசிறி விடுவா, அவங்களே எந்திரிச்சு பார்டருக்குப் போயிடுவாங்க” என்றேன். உன் அப்பா என் காலை மிதிக்கப் பார்த்தார், அவர் மிதித்தது ஸ்டூல் காலை, வலித்தது அவருக்குத்தான்.

அழகிரி வியாபாரி, நஷ்டத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டார். பல்லைக் குத்திக்கொண்டே யோசித்துவிட்டு, “பரவாயில்லைங்க, நர்ஸா இருந்தா இன்னும் நல்லதுதான், டாக்டருன்னா நம்ம பேச்சைக் கேக்க மாட்டாங்க” என்றார். கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறதாம், அதில் ஒரு கட்டிலைப் போட்டு உன்னை உட்கார வைத்தால் ஊசி, டிரிப்ஸ், பிரஷர், சுகர் எல்லாம் பார்த்துவிடலாமாம், டாக்டர் சீட்டுக்கு அலைய வேண்டாமாம், மிலிட்டரி சிஸ்டர் என்று போர்டு வைத்தால் கூட்டம் பிய்த்துக்கொண்டு வருமாம். நிபந்தனை ஒன்றுதான், நீ ராணுவத்தை விட்டுவிட்டு வர வேண்டும். உன் அப்பா “சரிங்க சம்பந்தி” என்றார். அன்றைக்கிலிருந்து காலையில் அழகிரி ஏறும்போது ஜன்னல் சீட்டில் டிக்கெட் பையைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறார், கர்ப்பிணிப் பெண் ஏறினாலும் எழுப்ப மாட்டேன் என்கிறார். அன்று சாயந்திரம் உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? “சரிப்பா, உங்க இஷ்டம்.” அவர் முகமெல்லாம் பல்லாக வந்து, பாத்தியா விஜயா, பொண்ணுன்னா என் பொண்ணு என்றார். நீ நிஜமாகவே சரி என்றுதான் சொல்கிறாய் என்று நானும் நினைத்துப் பேசாமல் இருந்தேன். உனக்குப் பிடித்திருந்தால் நான் யார் நடுவில்.

ஆனால் எனக்கு அன்றைக்கே உள்ளுக்குள் எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் தில்லைநகர் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள். யூனிஃபார்மைப் பிடித்துக் கொடுங்கள் அக்கா என்று வருவார்கள், சேர்ந்த புதிதில் தைத்தது ஆறு மாதத்தில் தொளதொள என்று ஆகிவிடும், நின்றே பார்க்கிற வேலை, சாப்பிட நேரம் கிடையாது. ஒருத்தி வேலையை விட்டு வேறு இடம் போகப் பார்த்தாள், அவள் படித்த சான்றிதழை ஆஸ்பத்திரிக்காரன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு தர மாட்டேன் என்கிறான், அவள் படிப்பு அவன் பீரோவில் இருக்கிறது. கொரோனா வந்தபோது இந்தத் தெருவில் எல்லாரும் மாடியில் நின்று தட்டைத் தட்டினார்கள், நினைவிருக்கிறதா, நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். அதே தெருவில் அடுத்த வாரமே, வாடகைக்கு இருந்த நர்ஸ் பெண்களைக் காலி பண்ணச் சொன்னார்கள், தண்ணீர்க் குழாயில் கை வைக்காதே என்றார்கள். தட்டின தட்டில்தான் அன்றைக்கும் சாப்பிட்டார்கள். சாவு வருகிற நேரத்தில் தெய்வம் என்பார்கள், சம்பளம் கேட்டால் திமிர் என்பார்கள், கல்யாணம் என்று வந்தால் தொட்டுப் பார்க்கிறவள் என்பார்கள். உன்னை மட்டும் ஸ்டேஷனில் பார்த்து எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள் என்றால் அது உன் வேலைக்கு இல்லை, தோளில் குத்தியிருக்கிற நட்சத்திரத்துக்கு. நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீ அந்த அறையில் போய் உட்கார்ந்தால், அழகிரியின் சம்சாரம் உன் கையால் காபி வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் கையைக் கழுவினாயா என்று கேட்பாள்.

ராணுவத்தை நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர்களும் உன்னைச் சும்மா படிக்க வைக்கவில்லை, உன் இளமையை எழுதி வாங்கிக்கொண்டுதான் படிக்க வைத்தார்கள், இப்போதும் எம்.எஸ்சி.க்கு வருஷத்தை எழுதிக் கேட்கிறார்கள். ஆனால் என்ன கொடுக்கிறோம், என்ன கேட்கிறோம் என்று முன்னாலேயே வாயைத் திறந்து சொல்கிறார்கள் பார், அதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அழகிரி கேட்பதற்குக் கணக்கே கிடையாது, ஆயுசு முழுக்க. அதிலும் நீ டாக்டர் இல்லாமல் ஊசி போட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் போலீஸ் தேடி வருவது போர்டில் எழுதியிருக்கிற பெயரைத்தான்.

சுரேஷ்குமாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அவனை நான் அவன் அப்பாவோடு சேர்த்துத் திட்டினால் அது நியாயம் இல்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டிருந்த அன்றைக்கு, அவ்வளவு நெரிசலையும் தாண்டி, பையில் ஜிப் போய்விட்டது என்று என் கடைக்கு வந்தான். ஸ்ரீரங்கத்தில் ஜிப் போட ஆளே இல்லையா என்று நான் கேட்கவில்லை. என்னை அத்தை என்று கூப்பிடுவதா ஆன்ட்டி என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் “வந்துங்க” என்று ஆரம்பித்தான். ஜிப்பைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் “வந்துங்க, அந்த ரூமுல அவங்க உக்கார்றது சட்டப்படியும் தப்பு, அவங்க படிப்புக்கும் அது கேவலம், எனக்கும் தெரியும், அப்பாகிட்டதான் சொல்ல முடியல” என்றான். நான் அப்போது உன் டிராயர் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. “அவளும் அவ அப்பாகிட்ட சொல்ல முடியாமத்தான் டிராயரைப் பூட்டி வச்சிருக்கா, நல்ல ஜோடிதான், கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு பேருமா சேர்ந்து ரெண்டு அப்பாவுக்கும் பயப்படுங்க” என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. டிராயரில் என்ன என்று கேட்டான், சொன்னேன். பையின் ஜிப்பை ஒரு தடவை இழுத்து மூடிவிட்டு, “அவங்க படிக்கட்டுங்க, நான் இருப்பேன்” என்றான். நல்ல பையன் மாதிரிதான் தெரிகிறான். ஆனால் மெஷினுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதை அவன் அப்பாவுக்கு எதிரில் நின்று சொல்கிறானா என்று பார்க்க வேண்டும், அதுவரைக்கும் அவன் எனக்கு ஜிப் கஸ்டமர்தான். அவன் காத்திருப்பான் என்ற தைரியத்தில் நீ கையெழுத்துப் போடாதே. அவன் காத்திருக்க மாட்டான் என்ற பயத்தில் போடாமலும் இருக்காதே.

இனி உன்னைத் திட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். வள்ளிக்கண்ணு, சுபா காகிதத்தை மடிக்கிறாளா என்று பார். உங்கள் தீவிர சிகிச்சை வார்டுக்குள் ஒரு கர்னல் யாரையோ பார்க்கப் பூட்ஸோடு வந்தாராமே, நீ கதவிலேயே நிறுத்தி “சார், ஷூவைக் கழற்றுங்க, இல்லைன்னா வெளியிலேயே இருங்க, உள்ள இருக்கிறவருக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கு” என்று சொல்லி, அந்த ஆள் குனிந்து பூட்ஸைக் கழற்றினாராமே. அதைச் சொல்லும்போது வள்ளிக்கண்ணுக்குக் கண் மின்னியது, நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அந்த வாய் எங்கே போனது? கர்னலை வாசலில் நிறுத்தினவளுக்கு ஒரு டவுன் பஸ் கண்டக்டரிடம் “இல்லப்பா” என்று சொல்ல முடியவில்லையா? அவரிடம் துப்பாக்கிகூடக் கிடையாது, விசில் மட்டும்தான்.

அவர் எப்படி அழகிரி முகத்தில் விழிப்பார் என்று கவலைப்படுகிறாய். விழிப்பார். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் கிழிப்பார், ரெண்டாம் நாள் சில்லறை இல்லை என்று சண்டை போடுவார், அடுத்த வாரம் ஜன்னல் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பஸ் நிற்காது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றும் யோசிக்கிறாயாம், நான் என்ன கட்டிலில் கிடக்கிறேனா, என் மெஷின் காலைவிட என் கால் நன்றாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு முட்டி வலி உண்டு, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற எல்லாருக்கும் வருவதுதான், அதற்கு நீ அங்கிருந்து அனுப்பிய தைலமே போதும்.

ஆனால் அவரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எல்லையில் குண்டு போட்டார்கள் என்று டிவியில் வந்தால் அவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார், அணைக்க மாட்டார், குறைத்துவிட்டு அப்படியே நிற்பார். மறுநாள் சத்திரத்தில் பஸ் கிளம்புவதற்கு முன் டிரைவரின் போனை வாங்கி உனக்கு அடித்து, நீ எடுத்தவுடன் வைத்துவிடுவார், தெரியாத நம்பர் என்று நீ என்னிடம் புலம்பியிருக்கிறாய். அந்த மனுஷன் உன்னை மருந்துக்கடைக்குக் கொடுக்கவில்லை, சுபா, அந்த மலையிலிருந்து உன்னைத் திருப்பி வாங்கப் பார்க்கிறார், அதற்கு அவர் கையில் கிடைத்த சாக்கு அழகிரி. அதனால்தான் அவரிடம் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகப் போய்விடும், என் மகள் அப்படிச் சொல்ல மாட்டாள், நீதான் அவளைக் கிளப்பிவிடுகிறாய் என்பார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, நானும் மெஷினை மிதித்துக்கொண்டே வேண்டிக்கொள்கிறவள்தான். பயம் என் பாடு. அதை எடுத்து உன் டிராயருக்குப் பூட்டாகப் போட்டுக்கொள்ளாதே.

அரக்குப் பட்டு ஜாக்கெட்டை முழுசாகத் தைத்து ஹெம்மிங் பண்ணி வள்ளிக்கண்ணுவுக்கே கொடுத்துவிட்டேன், குரங்கு கொண்டுபோனதற்கு நஷ்ட ஈடு. அவளிடம் ஒரு டேப்பும் கொடுத்திருக்கிறேன், உன் அளவை அவளே எடுப்பாள், மூச்சை இழுத்துப் பிடிக்காதே, இளைத்திருந்தால் இளைத்தபடியே எழுதட்டும். இடது தோளைத் தனியாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அது நிமிர்ந்துவிட்டது என்று பஸ் முழுக்க நம்பினாலும் எனக்கு இறங்கியே இருக்கட்டும். பருப்புப்பொடியில் பெருங்காயம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன், சாதத்துக்குச் சூடாக நெய் விட்டுச் சாப்பிடு, மெஸ்ஸில் எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பாதே. காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொள். ராத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கு, போனைப் பார்க்காதே. வெக்காளியம்மன் உன் பக்கம், ரங்கநாதர் படுத்திருந்தாலும் ஒரு கண் உன்மேல் வைத்திருப்பார், உன் கையில் பட்டவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நல்லபடியாக இரு கண்ணு.

மறக்காமல் இதைக் குறித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் உன் அப்பாவுக்கு டியூட்டி இல்லை. சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், போன் அவர் கையில்தான் இருக்கும், நான் கடையில் இருப்பேன், வேண்டுமென்றே இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை உன் அளவிலேயே பார்க்க ஆசைப்படும் அம்மா,
விஜயராணி.

டிராயரைத் திறந்து கையெழுத்தைப் போட்டு மேட்ரன் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கூப்பிட்டு உன் வாயால் நீயே சொல். சிக்னல் போகிறது என்ற கதையெல்லாம் வேண்டாம். சொல்வாயா, மாட்டாயா?